ஒரே வகுப்பறையில் இரு திருச்சபைகள்



ஆறாம் படிவம் என்றதும் நம் பெரியவர்களுக்கு எச்.எஸ்.சி. நினைவுக்கு வரும், இளையவர்களுக்கு எஸ்.டி.பி.எம். நினைவுக்கு வரும். இந்த ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்தது. அந்த நாட்டிலேயே, நானூறு ஆண்டுகள் எதிரும் புதிருமாக நின்ற ஆங்கிலிக்கன், கத்தோலிக்கத் திருச்சபைகளின் பள்ளிகள், ஆறாம் படிவத்தைச் சேர்ந்து நடத்த முன்வந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

பிரிஸ்டல் நகரில் செயின்ட் மேரி ரெட்கிளிஃப் தேவாலயத்தை ஒட்டி வளர்ந்த பள்ளிக்கு 1571இல் சாசனம் வழங்கியவர் முதலாம் எலிசபெத் அரசியார். அதற்கு முந்திய ஆண்டு, 1570இல்தான், போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் அந்த அரசியாரைத் திருச்சபையிலிருந்து நீக்கியிருந்தார். பகை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளே சாட்சி.

அதன்பிறகு இங்கிலாந்தில் கத்தோலிக்கர் வெளிப்படையாகப் பள்ளி நடத்த முடியவில்லை. பிள்ளைகளைக் கடல் கடந்து டுவே நகருக்கு இரகசியமாக அனுப்பினார்கள். அங்கே பயின்று குருவாகத் திரும்பியவர்களில் ஒருவர் கத்பெர்ட் மேய்ன். அவர் முன்பு ஆங்கிலிக்கன் போதகராக இருந்தவர். 1577இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்குச் சட்டம் இடம் கொடுத்தது 1791இல்தான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் சமயத் தடை நீங்கியது 1871இல். அப்படியும், 1896இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ, ஆங்கிலிக்கன் குருத்துவம் செல்லாது என்று அறிவித்தார்.

இப்படிப்பட்டவர்கள் எப்படி ஒரே வகுப்பறைக்கு வந்தார்கள்?

முதல் காரணம் பணம். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் திருச்சபைப் பள்ளிகளை அரசாங்க அமைப்புக்குள் கொண்டு வந்தது. தன் நிர்வாகத்தைத் தானே வைத்துக்கொள்ள விரும்பிய பள்ளி, கட்டடச் செலவில் பாதியைத் தானே ஏற்க வேண்டியிருந்தது. 1975இல் அந்தப் பங்கு 15 விழுக்காடாகக் குறைந்தபோதிலும், தேவாலயக் காணிக்கையை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய சுமைதான்.

இரண்டாவது காரணம் வகுப்பின் அளவு. கீழ்ப் படிவங்களில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பாடங்களைப் படிக்கிறார்கள். ஆறாம் படிவத்தில் ஒவ்வொருவரும் மூன்று, நான்கு பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இயற்பியலுக்கு நான்கு பேர், பிரெஞ்சு மொழிக்கு மூன்று பேர் என்றால் ஆசிரியரை எப்படி நியமிப்பது? பாடத்தை எடுத்துவிட்டால் மாணவர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்தால் பாடமும் நிற்கும், மாணவரும் நிற்பார்.

மூன்றாவது காரணம் மனமாற்றம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற திருச்சபைகளைச் சகோதரர்களாகப் பார்க்கச் சொன்னது. 1966இல் கேன்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே ரோமுக்குச் சென்றபோது, போப்பாண்டவர் ஆறாம் பால் தம் மோதிரத்தையே கழற்றி அவருக்கு அணிவித்தார். ஆனால், எல்லாரும் மனம் மாறிவிடவில்லை. 1982 மார்ச்சில் லிவர்பூல் தேவாலயத்தில் பேசவந்த பேராயர் ராபர்ட் ரன்சியைச் சிலர் கூச்சலிட்டுப் பேசவிடாமல் தடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அதே நகருக்கு வந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலை இரு திருச்சபைகளின் பேராலயங்களும் வரவேற்றன.

பள்ளிகள் இந்த மாற்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. ரெட்ஹில் நகரின் செயின்ட் பீட் பள்ளி 1976இலேயே இரு திருச்சபைகளின் கூட்டுப் பள்ளியாக அமைந்தது. டார்கீ நகரில் இருவரும் சேர்ந்து நடத்தும் பள்ளிக்கு, அன்று உயிரிழந்த கத்பெர்ட் மேய்னின் பெயரையே சூட்டினார்கள். பிரிஸ்டலில், எலிசபெத் அரசியார் சாசனம் தந்த பள்ளி, செயின்ட் பெர்னடெட் கத்தோலிக்கப் பள்ளியோடு கூட்டாக ஆறாம் படிவத்தை நடத்தியது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சேர்ந்து படித்தார்கள் என்பதற்காக வேற்றுமையை மூடி மறைக்க முடியாது. பொது வழிபாட்டில் சேர்ந்து ஜெபிக்கலாம். ஆனால், நற்கருணையைப் பகிர்ந்துகொள்ளக் கத்தோலிக்கச் சட்டம் இடம் தராது. ஒரே மேசையில் கணக்குப் போட்ட பிள்ளைகள், பலிபீடத்தின் முன் பிரிந்து நிற்க வேண்டும். ஆறாம் படிவத்தை மட்டும் பகிர்ந்துகொண்ட ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. பதினாறு வயதுவரை அவரவர் பள்ளி அவரவர் நம்பிக்கையில் பிள்ளைகளை வளர்த்தது. அதன்பிறகு, தன் வீடு எது என்று தெரிந்த இளைஞர்கள் அடுத்த வீட்டுக்காரரோடு உட்கார்ந்தார்கள். பெயரும் போகவில்லை, நிர்வாகமும் போகவில்லை.

நம் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். கூச்சிங்கில் 1848இல் ஆங்கிலிக்கன் செயின்ட் தாமஸ் பள்ளியும் 1882இல் கத்தோலிக்க செயின்ட் ஜோசப் பள்ளியும் தோன்றின. சிங்கப்பூரில் கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரி 1975இலும், ஆங்கிலிக்கன் செயின்ட் ஆண்ட்ரூ தொடக்கக் கல்லூரி 1978இலும் தனித்தனியாகவே எழுந்தன. மாணவர் போதுமான அளவு இருந்தால் தனியாக நடத்துவதில் குறையில்லை.

இல்லாதபோது என்ன செய்வது என்பதுதான் நம் கேள்வி. எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழ்மொழி ஒரு பாடம். ஒரு பள்ளியில் இரண்டு பேர், அடுத்த பள்ளியில் மூன்று பேர் எடுக்க விரும்பினால், தனித்தனியே எண்ணும்போது இரண்டு இடத்திலும் வகுப்பு இல்லை. சேர்த்து எண்ணினால் ஐந்து பேர் கொண்ட வகுப்பு இருக்கிறது. நானூறு ஆண்டுப் பகையைத் தாண்டி அவர்கள் ஒரு கால அட்டவணையை வகுத்தார்கள். பகையே இல்லாத நம் பள்ளிகளுக்கு இடையே அது முடியாதா? பெற்றோர்களும் தலைமையாசிரியர்களும் சிந்திக்க வேண்டும்.