காட்டுப் பூவரசு கடல் கடந்த கதை



மார்கழி, தை மாதங்களில் ஊட்டி போய் வருகிறவர்கள், கொத்துக் கொத்தாகச் சிவந்து பூத்த ஒரு மரத்தைப் படம் எடுத்து அனுப்பி, "சார், இதை நம்ம வீட்டில் வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அதன் பெயர் காட்டுப் பூவரசு. ஆங்கிலத்தில் ரோடோடென்ட்ரான். நாம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய பூவரசுக்கும் இதற்கும் உறவில்லை. இது இலை உதிர்க்காத மரம். குளிர் விலகுமுன்பே பூத்துவிடும்.

இதன் இமயமலை வகையை 1796-இல் கார்வால் பக்கம் பயணம் போன தாமஸ் ஹார்ட்விக் என்ற படை அதிகாரி பார்த்துக் குறித்துவைத்தார். 1818-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் வாலிச், பொடிபோன்ற அதன் விதைகளைச் சர்க்கரையில் பொதிந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். அங்கே 1825-இல் ஹாம்ப்ஷயரில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் இம்மரம் முதன்முதலாகப் பூத்தது. ஆனால் சீக்கிரம் பூப்பதால் உறைபனியில் பூ கருகியது. குளிர் தாங்கும் காக்கசஸ் மலை இனத்தோடு கலந்து, 1830-களில் 'நோபிலியானம்' என்ற கலப்பினத்தை உண்டாக்கினார்கள். இன்றும் நடுக்குளிர்காலத்தில் அங்கே பூப்பவற்றில் அதுவும் ஒன்று. அந்தச் சிவப்பு இந்திய மலைகளின் கொடை.

இமயத்துக்கும் நீலகிரிக்கும் இடையே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். நடுவே சமவெளியில் இம்மரம் கிடையாது. பனியுகத்தில் குளிர் தெற்கே பரவியபோது இதுவும் பரவியது, வெப்பம் கூடியதும் உயர்ந்த மலைகளில் மட்டும் ஒதுங்கியது என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் இதன் உறவு மரம் நிற்கிறது.

ஆகவே மக்களே, நாகர்கோவில் வெயிலில் இதை வளர்க்க முடியாது. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு பக்கம் வீடு உள்ளவர்கள் வைக்கலாம். புளிப்புத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண் வேண்டும். சுண்ணாம்பு ஆகாது. வேர் மேலாகவே ஓடும். அடியில் கொத்தாமல் இலைச்சருகு போட்டு மூடுங்கள். காட்டிலிருந்து கன்றைப் பிடுங்காதீர்கள், நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள்.

வெள்ளைக்காரர்கள் நம் மரத்தைக் கொண்டுபோன அதே நூற்றாண்டில், ஆஸ்திரேலியாவின் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நீலகிரியில் கொண்டுவந்து நட்டார்கள். புல்வெளியும் சோலையும் சுருங்கின. காட்டுப் பூவரசின் தடித்த பட்டை புல்வெளித் தீயைத் தாங்கும். வெப்பம் ஏறினால் மட்டும் தப்ப வழியில்லை. பனியுகம் முடிந்தபோது மலையேறிப் பிழைத்த மரம் அது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அதற்கு மேல் ஏற மலை இல்லை.

நம் வளவுக்கு நம் பூவரசே போதும். ஒரு கம்பை வெட்டி ஊன்றினால் முளைத்துவிடும்.