மருதையாற்று வெள்ளமும் ஓர் அமைச்சரின் பெயரும்

அரியலூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கல்லங்குறிச்சி. அங்குள்ள கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவர் ஒரு கற்கம்பம். வண்டியில் ஏற்றி வரும்போது அச்சு முறிந்து, கம்பம் இங்கேயே தங்கிவிட்டது என்கிறது தலக்கதை. பங்குனித் திருவிழாவுக்கு நெல்லும் கம்பும் சோளமும் காணிக்கையாக வந்து குவியும். வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தக் கோயிலின் வாசல் அரியலூர் ரயில் நிலையம்தான்.

அந்த ரயில் பழங்காலத்தது அல்ல. சென்னையிலிருந்து தெற்கே போன வண்டிகள் முன்பு கடலூர், மாயவரம், தஞ்சாவூர் என்று காவிரிக் கரையோரமே சுற்றிப் போயின. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப்பாதை வந்தது 1920களின் பிற்பகுதியில். வானம் பார்த்த பூமிக்குள் தண்டவாளம் நுழைந்தது. கூடவே அரசியலும் நுழைந்தது. 1953 ஜூலையில் டால்மியாபுரம் என்ற நிலையத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தது இதே பாதையில். அப்போது மத்திய அரசில் ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ. வி. அழகேசன்.

அழகேசன் இந்தப் பக்கத்துக்காரர் அல்ல. செங்கல்பட்டை அடுத்த ஒழலூரில் 1911இல் பிறந்தவர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952இல் செங்கல்பட்டுத் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குப் போன காங்கிரஸ்காரர். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர். அவருக்குக் கீழே இவர்.

1956 நவம்பர் 22 இரவு எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. மீட்டர்கேஜ் வண்டி. வழியெல்லாம் அடைமழை. கொள்ளிடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மருதையாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மழைக்காலத்தில் திடீரென்று இரு கரையும் புரள ஓடும். இப்படிப்பட்ட ஆறுகளில் பாலத்தின் தூண்கள் நின்றாலும் அவற்றையொட்டிய மண்கரை நிற்பதில்லை. அடிமண் அரித்துப்போனால் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். இருட்டில் அது ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. 23ஆம் தேதி விடிவதற்கு முன், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையில், எஞ்சினும் அதையொட்டிய பெட்டிகளும் மருதையாற்றில் விழுந்தன. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் மகபூப்நகர் அருகே பாலம் உடைந்து நூறு பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். அப்போதே சாஸ்திரி பதவி விலகல் கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு இரண்டாவது கடிதம். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணமென்று கருதி அல்ல, அரசியலமைப்பு நெறிக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கட்டும் என்றுதான் ஏற்பதாக அவர் விளக்கினார். டிசம்பரில் ஜகஜீவன் ராம் ரயில்வே அமைச்சரானார். இந்தியாவில் எங்கே ரயில் கவிழ்ந்தாலும் எதிர்க்கட்சிகள் இன்றைக்கும் சாஸ்திரியை நினைவூட்டும். அந்தப் பேச்சுக்கு வேர் மருதையாற்றில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரிப் போனது. சில மாதங்களில் பொதுத்தேர்தல். திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முதலாகக் களமிறங்கிய தேர்தல் அது. மேடைக்கு ஒரு முழக்கம் வேண்டும். விலகிப்போன சாஸ்திரியை வைத்து என்ன முழங்குவது? அவர் வடக்கத்தியர், அதுவும் நல்ல பெயர் எடுத்துக்கொண்டு போய்விட்டவர். கையில் கிடைத்தவர் துணை அமைச்சர். அரியலூர், அழகேசன், ஆண்டது, மாண்டது என்று மோனையும் எதுகையும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. ‘ஆண்டது போதாதா, மாண்டது போதாதா’ என்று கேட்ட அந்த முழக்கம் மேடையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து வாய்க்கும் பரவியது. பாலத்துக்கடியில் மண் அரித்ததற்கு ஒரு துணை அமைச்சர் எவ்வளவு பொறுப்பு என்று யாரும் நின்று கணக்குப் பார்க்கவில்லை. பிரச்சாரம் என்ற அளவில் அது கூர்மையான ஆயுதம். நியாயம் என்ற அளவில் சந்தேகத்துக்குரியதுதான்.

1957இல் செங்கல்பட்டில் அழகேசன் தோற்றார். வென்றவர் சுயேச்சையாக நின்ற ஆ. கிருஷ்ணசாமி. முழக்கம் ஒன்றே தோற்கடித்தது என்று சொல்ல முடியாது. கிருஷ்ணசாமி ஏற்கெனவே முதல் மக்களவையில் காஞ்சிபுரத்தின் உறுப்பினராக இருந்தவர். ஆனாலும் அரியலூரில் போட்டியிடாத ஒருவரின் பெயருக்கு முன்னால் அரியலூர் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிந்திய அழகேசனை அந்த முழக்கம் மறைத்துவிட்டது. 1962இல் அதே செங்கல்பட்டில் வென்று மீண்டும் டெல்லிக்குப் போனார், இணை அமைச்சரானார். 1965 ஜனவரி 26இல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தது. துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. பிப்ரவரி 11 அன்று உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் பெட்ரோலிய, ரசாயனத் துறையைக் கவனித்துவந்த அழகேசனும் பதவி விலகினார்கள். கடிதங்கள் போய்ச் சேர்ந்தது பிரதமர் சாஸ்திரியின் கைக்கு. விலகலின் மதிப்பை அவரைவிட அறிந்தவர் யார்? அவற்றை ஏற்கலாம் என்றே அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். ராதாகிருஷ்ணன் ஏற்க மறுத்தார். அன்றிரவே வானொலியில் பேசிய சாஸ்திரி, இந்தி பேசாத மக்களுக்கு நேரு தந்த வாக்குறுதி காக்கப்படும் என்று அறிவித்தார். விலகல்கள் திரும்பப் பெறப்பட்டன.

மொழிப்போராட்ட வரலாற்றில் இந்த இரண்டு காங்கிரஸ் அமைச்சர்களுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. மாணவர்களின் தியாகத்துக்கு முன் அது பெரிதல்லதான். ஆனால் டெல்லியின் மனத்தை அந்த வாரத்தில் அசைத்தவற்றில் அந்தக் கடிதங்களும் உண்டு.

பிறகு அழகேசன் எத்தியோப்பியாவில் இந்தியத் தூதராக இருந்தார். 1971இல் திருத்தணியிலும் 1977இல் அரக்கோணத்திலும் வென்று மக்களவைக்குத் திரும்பினார். 1992 ஜனவரியில் காலமானார். திருச்சி மாவட்டத்தில் ஒரு வட்டமாக இருந்த அரியலூர், இன்றைய தனி மாவட்டமாக உருவானது 2007இல். தேதி, யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள், நவம்பர் 23.