இரண்டு சுவர்கள், ஒரு கேள்வி

பொதுச் சுவரில் ஓவியம் வருவதற்கு இரண்டு வழி உண்டு. தேர்ந்த ஓவியர்கள் வந்து வரைந்து கொடுத்துவிட்டுப் போகலாம். அல்லது ஓவியர்கள் ஆசிரியர்களாக நின்று, அந்தப் பகுதிப் பிள்ளைகளின் கையால் வரைய வைக்கலாம். முதல் வழிக்கு நம் சென்னையிலேயே கண்ணகி நகர் இருக்கிறது. இரண்டாவதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் 'பெருஞ்சுவர்' இருக்கிறது. அம்பத்தூர்ப் பக்கம் கள்ளிக்குப்பம் போன்ற ஊருக்கு எந்த வழி பொருந்தும் என்பதே என் கேள்வி.

கூவம் கரையிலிருந்தும் நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை 2000-லிருந்து குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று அங்குள்ள இளைஞர்கள் நெடுநாள் வருந்தியிருக்கிறார்கள். 2020-ன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும், சென்னை மாநகராட்சியின் துணையோடு, அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியம் தீட்டின. உள்ளூர்க் கலைஞர்களும் வெளிநாட்டுக் கலைஞர்களும் வந்தார்கள். சென்னைக்காரரான ஏ-கில் வரைந்த, சிரிக்கும் பிள்ளைகளின் முகங்கள் பத்திரிகைகளில் வந்தன. அதுவரை பெரும்பாலும் குற்றச் செய்திக்காகவே அந்த ஊரின் பெயரை எழுதிய பத்திரிகைகள் அவை. இதைச் சிறிய காரியமாக நான் நினைக்கவில்லை. தன் தெருவைப் பார்க்க வெளியூர்க்காரர் வருகிறார் என்பது ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய பலம்.

லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது வேறு. வெள்ளத்தைத் தடுக்க துஜுங்கா ஓடையைக் கான்கிரீட் கால்வாயாக மாற்றியிருந்தார்கள். 1976 கோடையில் ஜூடித் பாக்கா என்ற ஓவியர் சுமார் 80 இளைஞர்களை அந்தக் கால்வாய்க்குள் இறக்கினார். பலர் போலீஸ் வழக்குகளில் சிக்கிய பிள்ளைகள். ஒருவரையொருவர் கண்டால் முறைத்துக்கொள்ளும் தெருக்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்தார். வரலாற்று அறிஞர்களை அழைத்துவந்து பேச வைத்தார். பாடப்புத்தகத்தில் இல்லாத தங்கள் மக்களின் கதைகளைத் தேடி எடுத்து, பிறகு வரைந்தார்கள். பல கோடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, 1980-களின் முற்பாதியில் அந்தச் சுவர் சுமார் 840 மீட்டரை எட்டியது. 400 இளைஞர்களுக்கு மேல் அதில் கை வைத்திருக்கிறார்கள்.

அதில் ஒரு பகுதியை நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். சாவெஸ் ரவீன் என்ற பள்ளத்தாக்கில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை 1950-களில் அகற்றினார்கள். பின்னர் அங்கே பேஸ்பால் மைதானம் எழுந்தது. அந்த வெளியேற்றம் அந்தச் சுவரில் இருக்கிறது. மைதானம் வானத்திலிருந்து இறங்கும் பறக்கும் தட்டுபோல வருகிறது. நெடுஞ்சாலைகள் ஒரு குடும்பத்தை நடுவில் பிரிக்கின்றன. கண்ணகி நகரும் வெளியேற்றத்தில் பிறந்த ஊர்தான். தாத்தா குடியிருந்த ஆற்றங்கரையையும், சாமான்களோடு லாரியில் வந்திறங்கிய நாளையும் அங்குள்ள பிள்ளைகளே விசாரித்து வரைந்திருந்தால், அந்தச் சுவர்களின் கனமே வேறாக இருந்திருக்கும்.

இரண்டு ஊர்ச் சுவர்களுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு எளிய காரணம் ஒன்று உண்டு: உயரம். துஜுங்காச் சுவரின் உயரம் சுமார் 13 அடி. தாழ்வான சாரம் போட்டால் பிள்ளைகள் நின்று வரையலாம். மூன்று நான்கு மாடிச் சுவருக்கு லிஃப்ட் வேண்டும், பழகிய கை வேண்டும். அங்கே பிள்ளைகள் கீழே நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். சுவரைத் தேர்ந்தெடுக்கும்போதே யார் வரையப்போகிறார்கள் என்பதும் முடிவாகிவிடுகிறது.

பிள்ளைகள் கையில் தூரிகையைக் கொடுத்தால் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. துஜுங்காவில் முதல் கோடையில் ஓவியர்கள் தனித்தனிப் பகுதிகளை அமைத்ததால் சுவர் துண்டு துண்டாக நின்றது. 1977-ல் பாக்காவே மெக்சிகோ போய், சுவரோவியர் சிகேய்ரோஸின் பட்டறையில் பெருஞ்சுவர் ஓவிய முறைகளைக் கற்றுவந்தார். அடுத்த கோடைகளில் முழு அமைப்பையும் தானே ஏற்று ஒரே ஓட்டமாக்கினார். கற்றுக்கொடுப்பவர் இந்த அளவுக்குப் பொறுப்பேற்றால்தான் பிள்ளைகளின் உழைப்பு நிற்கும்.

அந்த வேலை தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பை இழந்த பேனர் ஓவியர்கள் எத்தனையோ பேர். தாளில் உள்ள படத்துக்குக் கட்டம் போடுவார்கள். சாயப்பொடியில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள், நேர்கோடு விழும். அதே கட்டம் சுவரில் பெரிதாக வந்ததும் மூக்கு எந்தக் கட்டத்தில், கண் எந்தக் கட்டத்தில் என்று பார்த்து வரைவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஓவிய ஆசிரியர்களும் இருக்கிறார்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரை நாள் வேலைக்கு எடுத்தார்கள். பல ஆண்டுகள் மே மாதத்துக்குச் சம்பளமே தரவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் சுவரோவியத்துக்கு உகந்த மாதமோ அந்த மே மாதம்தான்.

வரைவதற்கான கதைக்கும் அம்பத்தூர்ப் பக்கம் பஞ்சமில்லை. 1949-ல் அம்பத்தூருக்கு வந்த டிஐ சைக்கிள்ஸ், பிறகு வந்த டன்லப், 1960-களில் வளர்ந்த தொழிற்பேட்டை, அங்கு வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டியவர்கள், கொரட்டூர் ஏரியில் கலந்த கழிவுநீர், 2011-ல் மாநகராட்சியோடு இணைந்த பழைய நகராட்சி. இதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகள் போய்க் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

ஊர் சீக்கிரம் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் கண்ணகி நகர் வழி சரி. கள்ளிக்குப்பத்துக்கு நான் கேட்பது துஜுங்கா வழி. மாநகராட்சியும் பள்ளிக்கல்வித் துறையும் ஆளுயரத்துக்குச் சற்று மேலான ஒரே ஒரு மதில்சுவரைக் கொடுக்கட்டும். ஓர் ஓவிய ஆசிரியருக்கும் ஒரு பேனர் ஓவியருக்கும் மே மாதச் சம்பளத்தையும், பிள்ளைகளுக்கு ஊக்கத்தொகையையும் முதலில் ஒதுக்கட்டும். பெயின்ட் செலவை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.