விப்பிளும் கணைய ரண சிகிச்சையும்

இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் உறுப்பு கணையம். அதன் தலைப்பகுதியிலே புற்று கண்டால் பித்தநாளம் அடைபட்டு உடல் மஞ்சளாகும். பித்தம் குடலுக்கு வாராதபோது வைட்டமின் 'கே' உடலிற் சேர்வதில்லை. அச்சத்து இன்றேல் குருதி உறைவதில்லை. கணையத்தில் கத்தி வைக்க ரண வைத்தியர்கள் அஞ்சியதற்கு இது ஒரு பெருங்காரணம்.

பாரசீகத்து உர்மியாவில், அமெரிக்கப் பாதிரிமார் குடும்பத்தில் 1881-ல் பிறந்த அல்லன் விப்பிள், நியூயார்க் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் ரண சிகிச்சைப் பேராசிரியராக விளங்கியவர். பித்தநாளம் குடலிற் சேரும் வாயிலிலே தோன்றும் புற்றுக்கு, அவரும் துணைவர் இருவரும் 1935-ல் ஒரு முறையை வெளியிட்டனர். முதலில் பித்தத்துக்கு மாற்றுவழி அமைத்துக் காமாலையைத் தணிப்பது. பின்னொரு நாள், கட்டியைச் சிறுகுடலின் தொடக்கத்தோடும் கணையத் தலையின் ஒரு பகுதியோடும் அகற்றுவது. ஆட்டுக்குடலிற் செய்த தையல் நூலைக் கணைய நீர் செரித்துவிடும். ஆதலின் பட்டு நூலைக் கைக்கொண்டார். சிறு செய்திதான், ஆயினும் தையல் பிரிந்தால் நோயாளி பிழைப்பதேது?

இத்துறையில் அவரையே முதல்வர் என்பது முற்றும் பொருந்தாது. பெர்லினில் வால்ட்டர் கௌஷ் என்பார் 1909-லேயே இத்தகைய சிகிச்சையைச் செய்து, 1912-ல் எழுதியும் வைத்தார். ஜெர்மானிய மருத்துவர்கள் இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குவர்.

1940-ல் இரைப்பைப் புற்று என்றெண்ணி ஒருவர் வயிற்றைத் திறந்த விப்பிள், நோய் கணையத்திலிருக்கக் கண்டார். காமாலையற்ற அந்நோயாளிக்கு முழு வேலையையும் ஒரே தடவையில் முடித்தார். வைட்டமின் 'கே' மருந்தாகக் கிடைத்தபின் அதுவே வழக்காயிற்று.

விப்பிள் 1963-ல் காலமானார். அவர் தம் தொழில்நாளிற் செய்த இச்சிகிச்சைகள் 37 மட்டுமே. 1960-களிற்கூட ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இதனால் மாண்டனர். இன்று பழகிய மருத்துவமனைகளில் அத்தொகை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆனால் கணையப் புற்று கண்டோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கே, நோய் பரவுமுன் இச்சிகிச்சைக்கு இடமிருக்கிறது.