பழைய கடைவீட்டை இறக்கிய கதை

பட்டர்வொர்த்தில் நம் சங்கக் கட்டடம் இன்று நிற்கும் இடத்தில் முன்பு இரண்டு மாடிக் கடைவீடு ஒன்று இருந்தது. கீழே வாடகைக் கடை. மேலே சங்கக் கூடமும் பிள்ளைகள் ஓதும் மதரஸாவும். மழைக்காலத்தில் ரைஹால் பலகைகளை ஒழுகாத மூலைக்கு நகர்த்தி வைத்துத்தான் உஸ்தாத் பாடம் நடத்துவார். கட்டடம் கட்டிய கதையை எல்லா மலர்களிலும் எழுதுகிறார்கள். நமக்கோ கட்டியதைவிட இடித்ததுதான் பெரும்பாடாக இருந்தது.

1948-க்கு முன் கட்டிய வீடுகள் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருந்தன. வாடகையை ஏற்றவும் முடியாது, இருப்பவரை எழுப்பவும் முடியாது. வந்த வாடகை ஓடு மாற்றவே போதவில்லை. 1999 டிசம்பர் 31-உடன் அந்தக் கட்டுப்பாடு முடிந்தது. கீழ்க் கடைக்காரரும் நம் உறுப்பினரே. இழப்பீடு பெற்றுக்கொண்டு மனக்கசப்பின்றி விலகினார். அல்ஹம்துலில்லாஹ்.

நகராண்மைக் கழகத்தின் அனுமதி, மின்சாரம் தண்ணீர் துண்டிப்பு எல்லாவற்றையும் கட்டடக் கலைஞர் பார்த்துக்கொண்டார். குத்தகையாளரைத் தேடுவது நம் பொறுப்பு. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும் என்பதே நம்மில் பலருக்கு அப்போதுதான் தெரியும்.

மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. ஒருவர் கூலியே வேண்டாம் என்றார்: உத்தரங்கள், கதவுகள், ஓடுகளை எடுத்துக்கொள்வேன், இயந்திரம் வைத்து ஒரே வாரத்தில் தரைமட்டமாக்குவேன் என்றார். செங்கால் மரத்துக்கு அவ்வளவு விலை. கூட்டத்தில் எல்லார் முகமும் மலர்ந்தது.

அதிக விலை கேட்டவரோ நம் கட்டடத்தைப் பார்க்கும் முன்பே பக்கத்து மளிகைக் கடைக்குள் போகவேண்டும் என்றார். கடைவீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான். இரு வீட்டு உத்தரங்களும் அதே சுவரில்தான் செருகியிருக்கும். இயந்திரம் உத்தரத்தைப் பிடித்து இழுத்தால் சுவரும் கூடவே வரும். முதலில் ஓடு, பிறகு கைமரம், பலகை என்று மேலிருந்து கையால் இறக்க வேண்டும். உத்தரத்தைச் சுவரோரமாக அறுக்க வேண்டும். சுவருக்கு முட்டுக் கொடுத்த பிறகே மற்றச் செங்கற்களைத் தொடலாம். உள்சுவராகவே இருந்தது மழையில் நனையும் என்பதால் அதற்குப் பூச்சும் வேண்டும். ஆட்களின் சொக்சோ பதிவையும் காப்புறுதித் தாளையும் கேட்காமலே மேசைமேல் வைத்தார்.

இஷாவுக்குப் பின் தொடங்கிய கூட்டம் நள்ளிரவு வரை போனது. "இடிக்கிறதுக்கா இவ்வளவு வெள்ளி?" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. கட்டட நிதி பெண்கள் விற்ற பலகாரத்திலும் வெள்ளிக்கிழமை உண்டியலிலும் சேர்ந்தது. "சுவருக்கு அந்தப் பக்கம் தவுக்கே குடும்பத்தோடு படுத்திருக்கிறார், பாய். அண்டை வீட்டுக்காரரின் ஹக்குக்கு யார் பதில் சொல்வது?" என்று செயலாளர் கேட்டார். அந்தத் தவுக்கேயின் பிள்ளைகளும் நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு நம் ஐந்தடியில் வரிசையில் நின்றவர்கள்தான். இரண்டே வாக்கு வித்தியாசத்தில் அதிக விலைக்காரர் தேர்வானார். எதிர்த்தவர்களை இன்றும் குறைசொல்ல மனம் வரவில்லை.

ஒப்பந்தத்தில் மரத்தின் விலை நம் கணக்கில் கழிக்கப்பட்டது. பணம் வேலை முடிய முடியத் தவணையாக. ஒரு வாரம் என்பது ஆறு வாரமானது. தூசி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் தவுக்கேயின் மாடிச் சுவரில் வெடிப்புகள் தெரிந்தன. குத்தகையாளர் முன்கூட்டியே எடுத்த படங்களை விரித்தார். பல வெடிப்புகள் பழையவை, ஒன்று மட்டும் புதியது. அதைத் தம் செலவில் பூசிக் கொடுத்தார். தவுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் வரவழைத்தார்.

கடலுக்கு அக்கரையில், 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமான ஜார்ஜ் டவுனின் காப்புப் பகுதியில், இதே மாதிரிக் கடைவீட்டை இன்று இப்படி இறக்கிவிட முடியாது. நமக்கும் ஒரு குறை உண்டு. உத்தரங்களில் இரண்டை நிறுத்தி மதரஸாவுக்குப் புத்தக அலமாரி செய்தோம்; ஆனால் பழைய கூடத்தை ஒரு படம்கூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை. இந்த மலருக்காகக் கோப்புகளைத் துழாவியபோது கிடைத்தவை குத்தகையாளர் எடுத்த நடுச்சுவர்ப் படங்கள் மட்டுமே. அவற்றுள் நம் பக்கத்தில் நின்று எடுத்த ஒன்றின் ஓரத்தில் கரும்பலகையின் பாதி தெரிகிறது. அதில் அலிஃப், பா, தா அழிக்கப்படாமல் இருக்கிறது.