மாறியும் நிலைத்தல்: செயலியின் அதிர்வெண்ணும் கெர்னல் சோதனையும்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு மாணவர் மடிக்கணினியில் கட்டுரை தட்டச்சு செய்கையில், அதன் செயலி ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேலைக்கேற்பத் தன் அதிர்வெண்ணை ஏற்றியும் இறக்கியும் கொள்கிறது. இவ்வழக்கம் மடிக்கணினிகளில் பரவத் தொடங்கியது 2000ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜனவரியில் இன்டெல் ஸ்பீட்ஸ்டெப் நுட்பத்தையும், டிரான்ஸ்மெட்டா லாங்ரன் நுட்பத்தையும் அறிமுகப்படுத்தின. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது டிரான்ஸ்மெட்டாவில்தான் பணியாற்றினார்.

செயலி இயங்குகையில் செலவாகும் மின்திறன், அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் மின்கலம் நெடுநேரம் தாங்கும். எப்போது குறைப்பது, எப்போது கூட்டுவது என முடிவு செய்வது இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல். 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 கெர்னலில் இதற்கெனச் சிபியுஃபிரெக் என்னும் பகுதி இருந்தது. 2004இல், வெங்கடேஷ் பள்ளிபாடி முதலிய இன்டெல் பொறியாளர்கள் எழுதிய ஆன்டிமாண்ட் என்னும் ஆளுநிரல் சேர்ந்தது. அது வேலைப்பளுவை அவ்வப்போது அளந்து வேகத்தைத் தீர்மானித்தது. 2016இல் வந்த ஸ்கெட்யூட்டில், பணிகளை வரிசைப்படுத்தும் பகுதியின் கணக்கையே நேரடியாகப் பயன்படுத்தியது.

இவற்றைச் சோதிப்போர் கண்ட உண்மை ஒன்றுண்டு. ஒவ்வொரு வேகத்திலும் தனித்தனியே பிழையின்றி இயங்கும் கணினி, வேகம் மாறும் கணத்தில் பிழைபடலாம். அதிர்வெண்ணை உயர்த்துமுன் மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். தாழ்த்தும்போது அதிர்வெண்ணே முதலில் இறங்க வேண்டும். இம்முறை பிறழ்ந்தால் கணக்கீடு பிழையாகும். இரு நிரல்கள் ஒரே நேரத்தில் ஆளுநிரலை மாற்ற முயன்றால், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருந்து கணினியே உறைந்துபோகவும் கூடும். சேமிக்காத கட்டுரை அத்துடன் போய்விடும். அதனால்தான் கெர்னலுடன் வரும் சோதனை நிரல்கள் அதிர்வெண்களைக் கலைத்துக் கலைத்து மாற்றுகின்றன. கணினியை உறங்க வைத்து எழுப்புகின்றன. ஆளுநிரல்களை ஒரே வேளையில் பலவாறு மாற்றிப் பார்க்கின்றன.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. பொன், குடம் என்று பிழையின்றி எழுதும் மாணவர், இரண்டும் சேர்ந்து பொற்குடம் ஆகுமிடத்தில் தடுமாறுகிறார். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பெரும்பகுதி புணர்ச்சியைப் பேசுவதும் இதனால்தான். கலைச்சொல் கற்பிக்கையிலும் இதனைச் சுட்டலாம். ‘நிலைத்தன்மை’ என்றதும் மாணவர் அசையாமை என்றே பொருள் கொள்வர். இத்துறையில் அச்சொல், ஓயாது மாறிக்கொண்டிருக்கும்போதும் பிழைபடாமையைக் குறிக்கிறது. சொல்லோடு இவ்வேறுபாட்டையும் சேர்த்துக் கற்பித்தல் நம் கடமை.