போதை நோய் சிகிச்சையாளர்களுக்கான தொடர்கல்வி: புனேயும் இந்தியாவும்

போதை நோய் சிகிச்சையாளர்களுக்கான தொடர்கல்வி என்பது மது, அபின் வகைகள், கஞ்சா, புகையிலை, தூக்க மாத்திரை முதலியவற்றுக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை அளிப்போர், பட்டம் பெற்ற பிறகும் தொடர்ந்து பெறும் பயிற்சியாகும். மருத்துவர், செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர், ஆலோசகர் என அனைவரும் இதில் அடங்குவர். இந்தியாவில் இந்தக் கல்வியின் பெரும்பகுதி மருத்துவக் கல்லூரிகளுக்கு வெளியே, தன்னார்வ மீட்பு மையங்களில் உருவானது. மகாராஷ்டிரத்தில் புனே நகரின் முக்தாங்கண் மையமும், தமிழகத்தில் சென்னையின் டி.டி.கே. மருத்துவமனையும் அதன் முன்னோடிகள்.

இத்தகைய கல்வி தனியாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. பழைய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஒரு மாணவர் மனநலப் பிரிவில் கழித்தது சுமார் இரண்டு வாரமே. குடிநோய்க்கு அதில் கிடைத்தது ஓரிரு வகுப்புகள். ஆனால் பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர் குடிநோயாளிகளைச் சந்தித்துவிடுவார். எலும்பு முறிந்து அறுவைப் பிரிவில் சேர்க்கப்பட்ட ஒருவர் இரண்டு நாள் அமைதியாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் இரவில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சிகளைச் சுவரில் கண்டு கட்டிலிலிருந்து எழுந்து ஓடுகிறார். அது மதுவைத் திடீரென நிறுத்தியதால் வந்த டெலிரியம் என்று அறிந்த மருத்துவர் டயஸபாம் வகை மருந்தும் தயாமின் ஊசியும் கொடுத்து உயிரைக் காப்பாற்றுகிறார். அறியாதவர் கையைக் காலைக் கட்டிப் போடச் சொல்கிறார். உணவின்றி வாடிய குடிநோயாளிக்குத் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் வெர்னிக்கே மூளைநோய் முற்றி, நினைவாற்றல் நிரந்தரமாகப் பாழாகலாம். தயாமின் விலை மலிவான வைட்டமின். அதை மறக்காமல் இருக்கும் பழக்கத்தைத்தான் பயிற்சி தர வேண்டும்.

1980க்கு முன் குடியும் போதையும் பெரும்பாலும் சட்டத்தின் விவகாரமாகவே கருதப்பட்டன. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் குடிப்பவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது; அவருக்குச் சிகிச்சை தருவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை பெரிதாக இல்லை. மருத்துவர் கையில் இருந்தவையும் குறைவு. டென்மார்க்கில் 1948இல் பயன்பாட்டுக்கு வந்த டைசல்பிராம் மாத்திரை ஒன்று. 1935இல் அமெரிக்காவில் பிறந்து, 1957இல் இந்தியாவுக்கு வந்த, குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் மற்றொன்று. மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குடிநோயாளி மற்ற நோயாளிகளோடு அதே வார்டில் இருந்தார், சில வாரத்தில் வீடு திரும்பினார், மீண்டும் குடித்தார்.

1980களின் தொடக்கத்தில் மும்பை, புனே தெருக்களில் பிரவுன் சுகர் பரவியபோது நிலைமை மாறியது. மகாராஷ்டிரத்தில் அதற்கு வழங்கிய பெயர் கர்த். மலிவான, கலப்படமான இந்த ஹெராயினுக்குக் கல்லூரி மாணவர்களும் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இரையானார்கள். 1985இல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் வந்தது. கடத்தலுக்குக் கடும் தண்டனை விதித்த அந்தச் சட்டம், அடிமையானவருக்குச் சிகிச்சை மையங்கள் அமைக்கவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. மையம் அமைக்கலாம், ஆனால் அதில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் எங்கே என்ற நெருக்கடி அப்போதுதான் வெளிப்பட்டது.

இதற்கான விடை சென்னையில் ஏற்கனவே உருவாகத் தொடங்கியிருந்தது. கணவர் டி.டி. ரங்கநாதனை 1979இல் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்து, 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை அதன் கீழ் வளர்ந்தது. குடிநோயை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்ப்பது, குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவது, வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து பார்ப்பது ஆகியவை அங்கு நடைமுறையாயின. அந்த நடைமுறையைப் பிற மையங்களின் பணியாளர்களுக்குக் கற்பிக்கக் கையேடுகள் எழுதப்பட்டன. சாந்தி ரங்கநாதனுக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

புனேயில் இந்தப் பணியை எடுத்துக்கொண்டவர்கள் மருத்துவத் தம்பதியர் அனிதா அவசட், அனில் அவசட். அனில் மருத்துவம் படித்துவிட்டு எழுத்துக்கும் சமூகப் பணிக்கும் போனவர். மராத்தியில் பெயர்பெற்ற கட்டுரையாளர். கர்த் பழக்கத்தில் சிக்கிய இளைஞர்களைப் பற்றி அவர் எழுதிய தொடர் மகாராஷ்டிரத்தை உலுக்கியது. அதைப் படித்த எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயும் அவர் மனைவி சுனிதாவும் நிதி தர முன்வந்தார்கள். எரவாடா மண்டல மனநல மருத்துவமனையில் பணியாற்றிய அனிதாவின் முன்முயற்சியில், அந்த மருத்துவமனை வளாகத்திலேயே 1986 ஆகஸ்ட் 29 அன்று முக்தாங்கண் திறக்கப்பட்டது. மனநல மருத்துவமனையின் சுவருக்குள் பிறந்தாலும் அதன் சங்கிலிப் பழக்கங்களை அது ஏற்கவில்லை.

முக்தாங்கணின் சிகிச்சை முறை பயிற்சியின் கோணத்தில் தனிக் கவனத்துக்கு உரியது. 35 நாள் உள்ளிருப்புச் சிகிச்சையின் முதல் நாட்களில் உடல் தெளிகிறது: நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மருத்துவரும் செவிலியரும் பொறுப்பு. அதன் பிறகு குழுப் பேச்சு, தனி ஆலோசனை, யோகா, கலை, வேலை. தானே போதையிலிருந்து மீண்டவர் பணியாளராக இருப்பது அங்கு ஆரம்பம் முதலே வழக்கம். பட்டம் பெற்ற உளவியலாளரும் பட்டம் இல்லாத மீண்டவரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒரே மேசையில் பேசும்போது இருவரும் கற்கிறார்கள். நோயாளி சொல்லும் பொய்யை மீண்டவர் உடனே கண்டுகொள்கிறார்; அந்தப் பொய்யின் பின்னால் இருக்கும் மனச்சோர்வை உளவியலாளர் கண்டுகொள்கிறார். எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு நன்றாகக் கற்பிப்பதில்லை. அனிதா அவசட் 1997இல் மறைந்தார். அனிதா, அனில் தம்பதியரின் மகளும் உளவியலாளருமான முக்தா புணதாம்பேகர் பொறுப்பை ஏற்று நடத்தினார். அனில் அவசட் 2022 ஜனவரி 27 அன்று புனேயில் காலமானார்.

அரசு இந்தத் துறைக்குள் இரண்டு வாசல்கள் வழியாக வந்தது. இன்றைய சமூக நீதி அமைச்சகம் 1985-86இல் தன்னார்வ மையங்களுக்கு நிதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. சுகாதார அமைச்சகம் 1987-88இல் போதை மீட்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பிரிவுகளைத் திறந்தது. டெல்லி எய்ம்ஸ் 1988இல் அமைத்த மையம் பின்னர் காசியாபாத்துக்கு இடம் மாறி, தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையமாக வளர்ந்தது. மாவட்ட மருத்துவமனை மருத்துவர்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகளும் மருத்துவர், செவிலியருக்கான கையேடுகளும் அங்கிருந்து வந்தன. இரு அமைச்சகங்களும் தனித்தனிப் பாதையில் போனதால் மருத்துவருக்கு ஒரு பயிற்சி, ஆலோசகருக்கு வேறொரு பயிற்சி என்று பிரிந்து நின்றது. ஒரே நோயாளியைப் பார்க்கும் இருவர் ஒரே வகுப்பில் உட்கார வாய்ப்பில்லாமல் போனது இந்த ஏற்பாட்டின் பெருங்குறை.

1998இல் தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் போதைத் தடுப்புக்கான தேசிய மையம் உருவாக்கப்பட்டது. நாடெங்கும் உள்ள மானிய மையங்களின் பணியாளர்களுக்குப் பயிற்சி தர, அனுபவமுள்ள தன்னார்வ அமைப்புகள் மண்டல வள, பயிற்சி மையங்களாக அறிவிக்கப்பட்டன. தென் மண்டலத்தில் டி.டி.கே. மருத்துவமனை, மேற்கு மண்டலத்தில் முக்தாங்கண் ஆகியவை இப்பொறுப்பைப் பெற்றன. சிறு நகரத்து மீட்பு மையத்தின் ஆலோசகர் எரவாடாவுக்கு வந்து, வார்டில் நின்று, நோயாளியின் வரலாறு கேட்பது எப்படி என்று பார்த்துக் கற்கும் நிலை இதனால் வந்தது. கடைசியாக எப்போது குடித்தார், இதற்கு முன் வலிப்பு வந்ததா, எத்தனை முறை நிறுத்த முயன்றார், நிறுத்திய நாட்களில் என்ன செய்தார் ஆகிய கேள்விகளே வரலாறு கேட்பதன் உயிர்நாடி. கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். நோயாளியின் பலம் எங்கே என்று காட்டுவது அதுதான்.

பாடப்பொருளும் காலப்போக்கில் மாறியது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறை, நோயாளியை அதட்டித் திருத்தும் பழைய போக்கை மாற்றியது. தன் பழக்கத்தை விடவேண்டிய காரணத்தை நோயாளி தன் வாயால் சொல்லும்படி கேள்வி கேட்பதே அதன் சாரம். அறிவுரை சொல்லிப் பழகிய மருத்துவருக்கு இது எளிதில் வராது. ஜோடியாக அமர்ந்து நோயாளி, மருத்துவர் வேடமிட்டுப் பலமுறை பழகினால்தான் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாப்பட்டியல் பத்தே கேள்விகளில் ஆபத்தான குடியைக் கண்டறிய உதவியது. அபின் வகை அடிமைக்கு, நாக்கடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரை எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தோடு பரவியது. அதே நோக்கத்துக்கான மற்றொரு மருந்தான மெத்தடோன் 2012இல் இந்தியாவில் அறிமுகமானது. புப்ரினார்பினின் முதல் மாத்திரையை எப்போது கொடுப்பது என்பது பயிற்சியின் முக்கியப் பாடம். நோயாளிக்கு விலகல் அறிகுறிகள் நன்கு தொடங்குவதற்கு முன் கொடுத்தால், மருந்தே கடும் விலகலைத் தூண்டிவிடும். ஒருமுறை அப்படி வதைபட்டவர் மையத்துக்குத் திரும்பி வருவது அரிது.

சட்டமும் ஒரு பாடமாயிற்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருளோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. அது 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் ஒப்புதல், பதிவேடு, அடைத்துவைத்தல், கட்டிப்போடுதல் பற்றிய விதிகளை மீட்பு மையங்கள் அறிந்தே ஆகவேண்டும் என்றானது.

கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பு 1973இல் தொடங்கிய போதை ஆலோசனைத் திட்டம், ஆசிய நாடுகளின் ஆலோசகர்களுக்குப் பொதுவான பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்தது. அதன் அடிப்படை நிலையில் எட்டுப் பாடத்தொகுதிகள் உண்டு. தேர்வு எழுதித் தேறியவருக்குச் சான்று கிடைக்கிறது. மருத்துவப் பட்டம் இல்லாத ஆலோசகருக்கு எல்லை தாண்டிய தகுதி கிடைத்தது இதன் பெரும் பயன்.

தொலைவழிப் பயிற்சி இன்னொரு திருப்பம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் கல்லீரல் அழற்சிக்காகத் தொடங்கிய எக்கோ முறையை, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநலத்துக்கும் போதை நோய்க்கும் எடுத்துக்கொண்டது. வாரந்தோறும் காணொலியில் கூடுவார்கள். ஒருவர் தன் நோயாளியின் விவரத்தைப் பெயர் இன்றி முன்வைப்பார். மற்ற மாவட்டத்தாரும் வல்லுநரும் கேள்வி கேட்பார்கள். சத்தீஸ்கரின் ஊரகப் பகுதி ஆலோசகர்களுக்கு இவ்வழியில் பயிற்சி நடந்தது. பயணச் செலவும் விடுப்பும் தேவையில்லை என்பதைவிட, கற்றதை மறுநாளே தன் நோயாளியிடம் செய்துபார்த்து அடுத்த வாரம் வந்து சொல்ல முடிவதே இதன் உண்மையான சிறப்பு. ஒருநாள் கருத்தரங்கில் அது கிடைக்காது.

மருத்துவர்களுக்குத் தொடர்கல்வியை வலியுறுத்தியவை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள். ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று அவை கூறின. நாட்டில் இதை முனைந்து நடைமுறைப்படுத்திய மாநிலங்களுள் மகாராஷ்டிரம் ஒன்று. அங்கு மருத்துவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கக் கிரெடிட் புள்ளிகளைக் காட்டவேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிகள் அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டதால் 2002 விதிகளே தொடர்ந்தன. எந்தத் துறையில் கற்கவேண்டும் என்று அந்த விதி சொல்வதில்லை. ஒரு மருத்துவர் போதை நோய் பற்றி ஒரு மணி நேரம்கூடக் கேட்காமல் 30 மணியையும் நிறைவு செய்யலாம். இதற்கு மாறாக, அமெரிக்காவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதும் மருத்துவர், 2023 ஜூன் முதல், போதை நோய் பற்றி எட்டு மணி நேரப் பயிற்சியை ஒருமுறையாவது முடித்திருக்கவேண்டும்.

மேற்படிப்பும் வந்துள்ளது. எய்ம்ஸ், நிம்ஹான்ஸ், சண்டிகர் மருத்துவ மேற்படிப்பு நிறுவனம் ஆகியவை போதை மனநல மருத்துவத்தில் டி.எம். பட்டம் அளிக்கின்றன. ஆண்டுக்குச் சிலரே வெளிவரும் இந்தப் படிப்பு ஆசிரியர்களை உருவாக்கும். தாலுகா மருத்துவமனையின் தேவையை அது தீர்க்காது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் விளைந்த சிக்கலுக்கு உதவி தேவை. மது அடிமைகளில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகக் கூறினார்; உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். எஞ்சியவர்கள் எங்கும் போகாதவர்கள் என்று கருதுவது தவறு. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் விபத்துக் காயத்துக்கும் அவர்கள் பொது மருத்துவரிடம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஐந்தாண்டுக்கான 30 மணியில் சில மணியைப் போதை நோய்க்கென்று கட்டாயமாக ஒதுக்குவதே, புதிய கட்டடமோ புதிய பணியிடமோ இல்லாமல் உடனே செய்யக்கூடிய சீர்திருத்தம்.